உதகை ஏரியின் இருநூறு ஆண்டுகள்: நீலகிரிச் சுற்றுலாவும் மலையின் நீரும்

உதகமண்டலத்துக்கு வரும் பயணிகள் தவறாமல் படகில் சுற்றிவரும் ஏரி இயற்கையாக உண்டானதும் அன்று. படகுச் சவாரிக்காக அமைக்கப்பட்டதும் அன்று. கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன், 1823-க்கும் 1825-க்கும் இடைப்பட்ட காலத்தில், சுற்றியுள்ள மலைச்சரிவுகளிலிருந்து இறங்கிப் பள்ளத்தாக்கின் சதுப்பில் கூடிய ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இதனை உருவாக்கினார். மலையில் தேக்கிவைக்கும் நீர் கீழேயுள்ள சமவெளியின் பாசனத்துக்கு உதவ வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களுள் முதன்மையானது. அந்த நோக்கம் நிறைவேறாமலே போய், நீர்நிலை மெல்ல மெல்ல நகரத்தின் அழகுப்பொருளாகவும், பிறகு அதன் வருமானமாகவும், அதே வேளையில் அதன் கழிவு சேரும் பள்ளமாகவும் மாறியது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதைப் பின்தொடர்ந்தால், இன்று ‘நிலைத்த சுற்றுலா’ என்ற பெயரில் பேசப்படுவது நீலகிரியில் ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதும் விளங்கும். வருகிறவர்களின் எண்ணிக்கையும் தேவைகளும் ஓர் இடத்தின் நீரையும் மண்ணையும் காட்டையும், அங்கே வாழ்கிறவர்களின் பிழைப்பையும் அடுத்த தலைமுறைக்குக் குறைத்துவிடாதபடி ஒழுங்கு செய்வதே நிலைத்த சுற்றுலா எனப்படுகிறது. நீலகிரியில் அத்தகைய ஒழுங்குகள் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாகவே தோன்றிவந்திருக்கின்றன. ஆனால் அவை வேட்டை விலங்கையும் கட்டடத்தின் உயரத்தையும் நெகிழிப் பையையும் வாகனத்தையும் எண்ணிய அளவுக்கு நீரை எண்ணவில்லை.

ஆங்கிலேயர் வருவதற்கு முன்பு இம்மலை ஆளற்ற வெளியாக இருந்தது என்ற எண்ணம் பயணக் கையேடுகளில் இன்றும் மறைமுகமாகத் தொடர்கிறது. உண்மையில், மேட்டு நிலத்துப் புல்வெளிகளில் எருமை மந்தைகளோடு தோடர்களும், சரிவுகளில் பயிர்த்தொழில் செய்த படகர்களும், கைவினையிலும் இசையிலும் தேர்ந்த கோத்தர்களும், காட்டை ஒட்டிக் குறும்பர்களும் இருளர்களும், ஒருவரோடொருவர் பண்டமும் பணியும் பரிமாறிக்கொண்டு நெடுங்காலமாக வாழ்ந்துவந்தனர். தோடர்களின் குடியிருப்பான ‘மந்து’ பெரும்பாலும் ஓடையும் புல்லும் சோலையும் கூடும் இடத்திலேயே அமைந்திருந்தது. எருமைக்கும் வழிபாட்டுக்கும் நீர் வேண்டும் என்பதனால் எந்த ஓடை எதற்குரியது என்ற வரையறை அவர்களுடைய சமயத்தோடு பிணைந்திருந்தது. சோலை என்பது மடிப்புகளிலும் பள்ளங்களிலும் அடர்ந்து வளரும் குட்டையான பசுமைமாறா மலைக்காடு. அதைச் சூழ்ந்து மேட்டில் பரந்திருப்பது புல்வெளி. இரண்டும் சேர்ந்து பருவமழையை உறிஞ்சிவைத்து, மழையற்ற மாதங்களிலும் ஓடைகளில் சிறுகச் சிறுக விடுகின்றன. பள்ளத்தாக்கின் அடியிலோ, மக்கிய தாவரப் பொருள் படிந்து உருவான கரிச்சதுப்புகள் உண்டு. உதகைக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பில் படிந்துள்ள அடுக்குகளை ஆராய்ந்த அறிவியலாளர்கள், அவற்றிலிருந்து 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட தட்பவெப்ப வரலாற்றைப் படித்தறிந்திருக்கின்றனர். இத்தகைய நிலத்தின் மேல்தான் ஒரு விடுமுறை நகரம் எழுந்தது.

சல்லிவன் 1819-ஆம் ஆண்டு முதன்முதலாக மலையேறினார். கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்று நினைவகமாகப் பேணப்படுகிறது. பிறகு மேட்டுப் பகுதிக்கு நகர்ந்து, தோடர்களிடமிருந்து நிலம் பெற்று, 1822-இல் தொடங்கிய கல் வீடு ஒன்றை எழுப்பினார். உதகமண்டலத்தின் முதல் ஐரோப்பியக் கட்டடமான அந்தக் ‘கல் பங்களா’ இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. உருளைக்கிழங்கு முதல் ஐரோப்பியப் பழமரங்கள் வரை பலவற்றையும் அவர் பயிரிட்டுப் பார்த்தார். மலையின் குளிர் உடல்நலம் குன்றிய ஐரோப்பியப் படைவீரர்களுக்கு மருந்தாகும் என்று சென்னை அரசுக்குத் தொடர்ந்து எழுதியவரும் அவரே. எனினும், இந்த நிலம் தோடர்களுடையது, அரசு எடுத்துக்கொள்வதாயின் அவர்களுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதமாக வாதிட்டதும் பதிவாகியிருக்கிறது. 1827 முதல் 1832 வரை ஆளுநராக இருந்த லஷிங்டன், உதகையை உடல்நலம் தேறுவோருக்கான அரசுக் குடியிருப்பாக விரைந்து வளர்க்க விரும்பியவர். தோடர் உரிமை குறித்த சல்லிவனின் நிலைப்பாடு அவருக்கு உவப்பாக இல்லை. 1830-இல் மலையின் ஒரு பகுதியைக் கோயம்புத்தூரிலிருந்து பிரித்து மலபார் மாவட்டத்தோடு சேர்த்தார்கள்; அது 1843-இல்தான் திரும்பியது. சல்லிவன் தன்னலமற்றவர் அல்லர். அவரே பெரும் நிலம் வைத்திருந்தார். ஆயினும், வருகிறவர்களுக்கு வசதி செய்வதற்கு முன்பு இருக்கிறவர்களின் உரிமையைக் கேட்க வேண்டும் என்ற வாதம், இம்மலையின் சுற்றுலா வரலாற்றில் அதன் முதல் பத்தாண்டிலேயே எழுந்து, தோற்றும் போனது என்பது குறித்துவைக்கத் தக்கது.

ஏரி முதலில் இன்றையதைவிட மிகப் பெரியதாக இருந்தது. இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயத் திடலும் ஏரிப் பூங்காவும் அமைந்துள்ள நிலம் அதன் நீர்ப்பரப்புக்குள் அடங்கியிருந்தது. மீன் பிடிக்கவும், ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் படகில் கடக்கவும் மக்கள் அதைப் பயன்படுத்தினர். கன மழையில் கரை உடைந்து ஏரி வெறுமையானது ஒரு முறை மட்டுமன்று. மூன்று முறை அவ்வாறு நிகழ்ந்ததாகக் குறிப்புகள் கூறுகின்றன. மரம் வெட்டப்பட்ட சரிவுகளிலிருந்தும் உழுத நிலங்களிலிருந்தும் மழையில் கரைந்து வந்த மண் ஏரியின் தலைப்பகுதியில் படிந்தது. நீர் மேட்டுப்பட்டுச் சதுப்பாகியது. சதுப்பு, கட்டடம் கட்ட ஏற்ற சமதளமாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. மலை நகரத்தில் சமதளம் கிடைப்பது அரிது. ஆகவே, தூர்ந்த பகுதியை மீண்டும் தூர்வாரி ஏரியாக்குவதைக் காட்டிலும் மேலும் மண் கொட்டி நிலமாக்குவதே ஒவ்வொரு தலைமுறை நிர்வாகத்துக்கும் எளிதாகப்பட்டது. 1872 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஹோபார்ட்டின் பெயரால் அழைக்கப்பட்ட ஹோபார்ட் பூங்கா இப்படித்தான் ஏரியின் நிலத்தில் உருவாகிப் பின்னர் பந்தயத் திடலாயிற்று. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 65 ஏக்கர். ஏரியின் சுருக்கத்தை அண்மைக்கால ஆக்கிரமிப்பின் விளைவு என்று மட்டும் எண்ணுவது வரலாற்றோடு பொருந்தாது. அதன் பெரும்பகுதியை விழுங்கியவை பொதுப் பயன்பாட்டின் பெயராலும் விருந்தினர் மகிழ்ச்சியின் பெயராலும் அரசே செய்த திட்டங்களாகும்.

விருந்தினர் எப்படிப் பெருகினர் என்பதைச் சாலையும் தண்டவாளமும் சொல்லும். 1820-களின் தொடக்கத்தில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக மலையேறும் பாதை அமைந்தது. 1830-களின் தொடக்கத்தில் லெ ஹார்டி என்ற படை அதிகாரி குன்னூர் வழியாக மலைப்பாதை அமைத்ததும், மேட்டுப்பாளையத்திலிருந்து வருவது எளிதாயிற்று. பல்லக்கிலும் மட்டக்குதிரையிலும் வந்த காலத்தில், வருவோரைச் சுமந்து ஏற்றிய கூலியாட்களின் தோள்வலிமையே வருகையின் எல்லையாகவும் இருந்தது. 1834-இல் தலைமை ஆளுநர் பெண்டிங் உதகையில் தங்கியிருந்தபோது மெக்காலேயும் அங்கு வந்து சேர்ந்தார். ஆட்சியின் உச்சியில் இருப்பவர்கள் வந்து தங்கும் ஊர் என்ற பெயர் அப்போதே நிலைத்தது. நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண அரசே கோடையில் கோப்புகளோடு மலையேறியது. பக்கிங்ஹாம் கோமகன் ஆளுநராக இருந்த 1875–80 காலத்தில் ஆளுநர் மாளிகை எழுந்தது. மைசூர் மன்னரின் ஃபெர்ன்ஹில் அரண்மனையைப் போல வேறு சமஸ்தானத்தாரும் மாளிகைகள் கட்டிக்கொண்டனர். 1899-இல் மேட்டுப்பாளையம்–குன்னூர் மலை ரயில் ஓடத் தொடங்கியது. பல் சக்கரம் பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு செங்குத்தில் ஏறும் முறை அதில் கையாளப்பட்டது. 1908-இல் அது உதகமண்டலம் வரை நீண்டது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 சுரங்கங்களும் உள்ளன. 2005-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச்சின்னமாக அறிவித்தது.

குளிர்கால உடையையும் காய்கறியையும் பூவையும் எதிர்பார்த்த இவ்விருந்தினர்களுக்காகவே உதகையின் பிற்காலக் காட்சிப் பொருள்கள் பலவும் பிறந்தன. தாவரவியல் பூங்காவின் தொடக்கம் ஒரு காய்கறித் தோட்டம். ஐரோப்பியக் குடியிருப்பினர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தித் தங்கள் வீட்டுக்குக் காய்கறி பெறும் ஏற்பாடாக அது இருந்தது. 1840-களின் இறுதியில் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்ற பிறகே சதுப்பும் காடுமாக இருந்த சரிவு இன்றுள்ள பூங்காவாகச் சீரமைக்கப்பட்டது. குன்னூரில் சிம்ஸ் பூங்கா 1874-இல் தோன்றியது. மே மாதத்து மலர்க் கண்காட்சியும் பழக் கண்காட்சியும் இப்பூங்காக்களில் நடைபெறுபவை. 2024-இல் நடந்தது 126-ஆவது மலர்க் கண்காட்சி என்பதிலிருந்து ‘சீசன்’ என்று ஊரார் சொல்லும் ஏப்ரல்–மே காலத்தின் தொன்மை புலப்படும். இதே விருந்தினர்களின் விறகுத் தேவை வேறொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. சோலை மரங்கள் அடுப்புக்கும் கணப்புக்கும் வெட்டப்பட்டு அருகியபோது, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த கற்பூர மரமும் சீகை மரமும் 1840-களிலிருந்து நடப்பட்டன. விரைந்து வளரும் இம்மரங்கள் சோலையின் மீதான விறகுச் சுமையை ஓரளவு குறைத்தன என்பது உண்மை. ஆனால் மரமற்றிருந்ததாலேயே ‘வெற்று நிலம்’ எனக் கருதப்பட்ட புல்வெளிகளில் அவை நடப்பட்டதால், நீரைச் சேமித்துவைத்த பரப்புகள் பெருமளவில் காணாமற்போயின. விடுதலைக்குப் பிறகும், ஆலைகளின் மரத் தேவைக்காக இந்நடவு தொடர்ந்தது. நீலகிரித் தைலக் குப்பிகளைப் பயணிகள் வாங்கிச் செல்கின்றனர். அத்தைலத்தைத் தரும் மரம் இம்மலையின் மரமன்று.

வருவோரின் மகிழ்ச்சிக்கு வரம்பு கட்டிய முதல் சட்டம் வேட்டை குறித்தது. நீலகிரி வரையாடும் கடமானும் வேட்டைப் பொழுதுபோக்கில் அருகிவருவதைக் கண்ட ஐரோப்பியர்களே 1877-இல் நீலகிரி வேட்டை விலங்குச் சங்கத்தை அமைத்தனர். 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எந்தக் காலத்தில் எதைச் சுடலாம், உரிமம் யாருக்கு என்பவற்றை அது வரையறுத்தது. காப்பதற்காகவே இயற்றப்பட்ட சட்டந்தான். ஆனால் அதில் வேட்டைக்காரரின் வருங்கால வேட்டை காக்கப்பட்ட அளவுக்கு, காட்டை நம்பிப் பிழைத்த குறும்பர், இருளரின் தேவை கருதப்படவில்லை. உதகைக்கு மேற்கே வென்லாக் டவுன்ஸ் எனப்பட்ட பரந்த புல்வெளி குதிரையேறி வேட்டையாடுவதற்கென்றே பேணப்பட்டதும் இந்த மனப்பாங்கின் தொடர்ச்சியாகும். தோடர்களின் மேய்ச்சல் நிலமாயிருந்த அப்புல்வெளியில் பின்னாளில் தோப்புகளும், கோல்ஃப் திடலும், 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் இடம்பிடித்தன. ஒன்பதாவது மைல் என்று வாகன ஓட்டிகள் இறக்கிவிடும் புல்மேடு அதன் எச்சங்களுள் ஒன்று.

நகராட்சி 1866-இல் அமைந்தது. கடைவீதியும் சமவெளியிலிருந்து வந்த வேலையாட்களின் குடியிருப்புகளும் ஏரிக்கு நீர் வரும் பக்கமாக, பள்ளத்தாக்கின் அடியில் நெருங்கின. மாளிகைகள் மேட்டில் தனித்தனியே நின்றன. நீர் கீழ்நோக்கி ஓடும். ஆகவே மேட்டு வீடுகளின் கழிவும் கடைவீதியின் கழிவும் சேரும் இடம் ஏரியாக இருந்தது. நகரம் குடிநீருக்காக ஏரியைச் சாராமல் மலைமடிப்புகளில் தனி நீர்த்தேக்கங்களைத் தேடிக்கொண்டது. இன்று உதகைக்கு முதன்மையாகக் குடிநீர் தருவது பார்சன்ஸ் பள்ளத்தாக்கு. குடிக்கும் நீர் வேறெங்கோ இருந்து வரத் தொடங்கியதும் ஏரியின் தூய்மை நகரத்துக்கு உயிர்த்தேவையாக இல்லாமற்போயிற்று. பார்வைக்கு நீர்ப்பரப்பு இருந்தால் போதும் என்றாயிற்று. இந்த வரலாற்றின் திருப்புமுனையை ஓரிடத்தில் காட்ட வேண்டுமானால் இதைத்தான் காட்ட வேண்டும். கோடப்பமந்து கால்வாய் நகரின் நடுவே ஓடிக் கழிவை ஏரிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதும், ஆகாயத்தாமரை நீர்மேல் படர்வதும், அதை அகற்றுவதும், மீண்டும் படர்வதும் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து நடந்துவருகின்றன. நடுவண் அரசு 2001-இல் தொடங்கிய தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் சேர்க்கப்பட்டன. காந்தல் பகுதியில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்குகிறது. பாதாளச் சாக்கடையோடு இணையாத விடுதிகளும் வீடுகளும் இருக்கும்வரை அதன் பயன் முழுமையடையாது.

மலைவாழிடங்களுக்கு ஏரி ஓர் அணி என்று கருதும் பழக்கம் உதகையோடு நின்றுவிடவில்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் கொடைக்கானலில் ஓடையை மறித்து ஏரி அமைத்தார். இலங்கையில் நுவரெலியாவின் சதுப்பு நிலத்தில் ஆளுநர் வில்லியம் கிரெகரி 1873-இல் ஓர் ஏரியை உருவாக்கினார். அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. மூன்று ஊர்களிலும் சதுப்பு நீர்ப்பரப்பாக்கப்பட்டது. மூன்றிலும் கரையோரம் நகரம் நெருங்கியது. மூன்றிலும் படகுச் சவாரி வந்தது. சதுப்பு நீரை வடிகட்டித் தேக்கிவைக்கும் பணியைச் செய்துவந்தது என்பதும், அதை மூடி ஏரியாக்கினால் அப்பணியை மனிதர் தங்கள் செலவில் செய்தாக வேண்டும் என்பதும் அன்று எண்ணிப்பார்க்கப்படவில்லை.

விடுதலைக்குப் பிறகு விருந்தினரின் இயல்பே மாறியது. ஆளுநரின் கோடைக்கால அரசு மறைந்தது. அரண்மனைகள் விருந்தினர் மாளிகைகளாகவும் விடுதிகளாகவும் ஆயின. திரைப்படங்களில் உதகையைக் கண்ட நடுத்தரக் குடும்பங்களும் பள்ளிச் சுற்றுலாக்களும் புதுமணத் தம்பதியரும் பேருந்தேறி வந்தனர். ஆளுநருக்கும் அரசர்க்கும் உரியதாக இருந்த குளிர்காற்று எளிய மக்களுக்கும் கிடைத்தது என்பது போற்றத்தக்க மாற்றம். வருகையைக் கட்டுப்படுத்துவது பற்றிய எந்தப் பேச்சும் இதை மறந்துவிடக் கூடாது. தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971-இல் தொடங்கப்பட்டது. 1973-இல் அரசின் சார்பில் சுற்றுலாத்துறை ஏரியை ஏற்றுப் படகு இல்லத்தை நடத்தத் தொடங்கியது. அன்று முதல் துடுப்புப் படகும் மிதிபடகும் மோட்டார் படகும் ஏரியின் அடையாளமாயின. 1930-களில் மின்சாரத்துக்காக உருவான பைக்காரா நீர்த்தேக்கத்திலும் பின்னாளில் படகு இல்லம் வந்தது. எமரால்டு, அவலாஞ்சி, அப்பர் பவானி எனக் குந்தா நீர்மின் திட்டத்துக்காக எழுந்த தேக்கங்களும் பார்வையிடங்களாயின. பாசனத்துக்கு ஒன்று, மின்சாரத்துக்குப் பல என்று வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தேக்கிய நீரெல்லாம் கடைசியில் காட்சியாகப் பார்க்கப்பட்டதில், நீர்நிலைக்குப் பொறுப்பான துறையும் அதிலிருந்து வருவாய் பெறும் துறையும் வெவ்வேறாகிவிட்டன. கால்வாய் நகராட்சியின் கையில், படகு சுற்றுலாக் கழகத்தின் கையில், அணை மின்வாரியத்தின் கையில் என்ற இந்தப் பிரிவினை, பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமளிக்கும் அமைப்பாக இன்றுவரை நீடிக்கிறது.

சரிவுகள் சுமை தாங்கவில்லை என்பதை நிலச்சரிவுகள் உணர்த்தின. 1978-லும் 1993-லும் பெரும் சரிவுகள் ஏற்பட்டன. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலம் அருகே நிகழ்ந்தது அவற்றுள் கொடியது. 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கேத்தி பகுதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரி அறிவிக்கப்பட்டிருந்தது. உயிர்க்கோளக் காப்பகம் என்பது, நடுவே தீண்டப்படாத காடும் அதைச் சுற்றி மனிதர் வாழ்ந்து பயன்கொள்ளும் நிலமும் ஒரே திட்டத்தில் அடங்கிய பரப்பாகும். 1990-இல் மலைப்பகுதிப் பாதுகாப்பு அமைப்பும், 1993-இல் மலைநகரங்களுக்கான தனிக் கட்டட விதிகளும் வந்தன. நீலகிரியில் கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அவ்வழியே நடைமுறையான வரம்பு. உயரம் கட்டுப்பட்டது, எண்ணிக்கை கட்டுப்படவில்லை. 1990-களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, சிறு தேயிலை விவசாயிகள் பலருக்கு நிலத்தை விற்பதோ, வீட்டின் ஒரு பகுதியைக் ‘காட்டேஜ்’ ஆக்குவதோ பிழைக்கும் வழியாயிற்று. விதிமீறல் கட்டடங்களைக் கணக்கெடுக்கும் அறிக்கைகள் தேயிலை விலையைப் பேசுவதில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் தோட்டத்தில் விளைவது அதன் உழைப்புக்கு ஈடாகாத நிலை தொடரும்வரை, விடுதி வேண்டாம் என்று அக்குடும்பத்திடம் சொல்வதில் நியாயம் குறைவு.

மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே, மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமியில் விளைவு வேறு வடிவில் தெரிந்தது. முதுமலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் கடக்கும் வழித்தடத்தில் விடுதிகள் நெருங்கின. 2010-இல் தமிழ்நாடு அரசு அதை யானை வழித்தடமாக அறிவித்தது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2018-இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி விடுதிகள் முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் உச்சநீதிமன்றம் அறிவிப்பைச் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. சுற்றுலாவுக்கு இடத்தின் எல்லையை நீதிமன்றம் வரையறுத்த பெரிய வழக்கு இதுவே.

நெகிழிக்கு எதிரான முயற்சி இவற்றிலிருந்து மாறுபட்டது. மாவட்ட நிர்வாகமும் மக்களும் சேர்ந்து முன்னெடுத்தது. 2000-ஆம் ஆண்டையொட்டிக் கலெக்டராக இருந்த சுப்ரியா சாகு, ‘ஆபரேஷன் புளூ மவுண்டன்’ என்ற இயக்கத்தின் மூலம் நெகிழிப் பைகளை மாவட்டத்தில் தடைசெய்தார். மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வருவதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே நீலகிரியில் துணிப்பையும் காகிதப்பையும் பழக்கமாயின. பின்னர் குடிநீர்ப் பாட்டில்களும் தடைசெய்யப்பட்டுச் சாலையோரங்களில் குடிநீர் ஏடிஎம்கள் நிறுவப்பட்டன. சோதனைச் சாவடியில் பாட்டிலைப் பறிகொடுக்கும் பயணிக்கு எரிச்சல் உண்டாவது இயல்பு. ஆயினும் நீலகிரியின் ஒழுங்குமுறைகளுள் உள்ளூர் மக்களின் அன்றாடப் பழக்கமாகவே வேரூன்றியது இதுவொன்றே. கடைக்காரரும் வாங்குவோரும் ஒருசேர உள்ளடக்கப்பட்டதும், மாற்றுப் பொருள் கையெட்டும் தொலைவில் கிடைத்ததும் அதற்குக் காரணங்கள்.

அடுத்து எண்ணப்பட்டது வாகனம். சீசன் நாள்களில் 20,000-க்கும் மேற்பட்ட வாகனங்கள் மாவட்டத்துக்குள் நுழைகின்றன என்ற விவரம் முன்வைக்கப்பட்டதைத் தொடர்ந்து, சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. முதலில் அது எண்ணிக்கையைப் பதிவு செய்வதாக மட்டுமே இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் சீசன் காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. உள்ளூர் வாகனங்களுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விளைபொருள் ஏற்றிவரும் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. ஏப்ரல் 2 அன்று மாவட்டத்து வணிகர்கள் கடையடைத்து எதிர்ப்புத் தெரிவித்தனர். வர்க்கி, சாக்லேட், தைலம், தோடர் பூவேலைச் சால்வை விற்பவர், அறை வாடகைக்கு விடுபவர், மட்டக்குதிரை வைத்திருப்பவர் ஆகியோரின் ஆண்டு வருமானம் பெரும்பாலும் இரண்டு மாதச் சீசனையே நம்பியிருப்பதால் அவர்களுடைய அச்சம் பொருளற்றதன்று. மலை எத்தனை பேரைத் தாங்கும் என்னும் தாங்குதிறன் ஆய்வு சென்னை ஐஐடியிடமும் பெங்களூர் ஐஐஎம்-இடமும் ஒப்படைக்கப்பட்டது.

தாங்குதிறன் என்பது ஓர் இடம் தன் இயல்பு கெடாமல் ஏற்கக்கூடிய பயன்பாட்டின் உச்ச அளவு. அதைச் சாலையின் அகலத்தாலும் வாகன நிறுத்துமிடத்தாலும் அளந்தால் விடை ஒன்றாகவும், நீரால் அளந்தால் வேறாகவும் வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தில் 7,35,394 பேரும் உதகை நகரத்தில் 88,430 பேரும் இருந்தனர். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் வருகின்றனர். சீசன் உச்சம் கோடையில் வருகிறது. அதாவது, ஓடைகளில் நீர் மிகக் குறைந்திருக்கும் மாதங்களில்தான் நீர்த் தேவையும் கழிவும் மிகுதியாகின்றன. குன்னூரில், முன்பு சிறிய மக்கள்தொகைக்காகக் கட்டப்பட்ட ரேலியா அணையை நம்பிய தெருக்களில் கோடைத் தட்டுப்பாடு பழகிப்போன ஒன்று. சாலையை அகலப்படுத்தினால் வாகனம் கூடும். சோலையும் புல்வெளியும் திரும்பினால்தான் ஓடை கூடும், அதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். சீகை மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணிகளை வனத்துறையும் தன்னார்வலர்களும் சில இடங்களில் தொடங்கியிருக்கின்றனர். சுற்றுலாவுக்கான செலவாக அவை கணக்கில் எழுதப்படுவதில்லை என்பது ஒரு பெருங்குறை.

குதிரைப் பந்தயத் திடலின் அண்மைக்கால வரலாறும் இதனோடு தொடர்புடையது. வாடகை நிலுவையை முன்னிட்டு, ஐம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட அந்நிலத்தை 2024 ஜூன் மாதம் அரசு எடுத்துக்கொண்டு, சுற்றுச்சூழல் பூங்கா அமைப்பதற்காகத் தோட்டக்கலைத்துறையிடம் ஒப்படைத்தது. உதகையில் இத்தனை பெரிய சமதளம் பொதுக் கைக்கு வருவது அரிய வாய்ப்பு. அது ஏரியின் தலைப்பகுதி. ஓடைகள் முதலில் வந்து பரவிய இடம். அங்கே நடைபாதையும் பூப்படுக்கையும் மட்டும் அமைந்தால் ஹோபார்ட் பூங்காவின் கதை மீண்டும் நிகழும். கால்வாய் நீரை ஏரிக்குள் விடும் முன் நாணலும் கோரையும் வளர்ந்த சதுப்பில் தங்கவைத்துத் தெளியவிடும் பணிக்கு அந்நிலத்தில் ஒரு பகுதியேனும் ஒதுக்கப்பட வேண்டும். பயணிகளுக்கும் அது பார்க்கத் தகுந்த இடமாகவே இருக்கும்.

ஏரியிலிருந்து வழியும் நீர் சாண்டிநல்லா ஓடை வழியாகக் காமராஜ் சாகர் அணையை அடைந்து, மோயாற்று வடிநிலத்தில் சேர்ந்து, 1955-இல் முடிக்கப்பட்ட பவானிசாகர் அணைக்கு வருகிறது. அவ்வணையின் கீழ்பவானிப் பாசனம் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் ஏறத்தாழ 2,07,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. மலையில் நீரைத் தேக்கிச் சமவெளியில் பயிர் செய்யலாம் என்று சல்லிவன் எண்ணியது வேறொரு வழியில், வேறொரு அளவில் நிறைவேறியிருக்கிறது. இடையில் உதகையின் கழிவும் அந்நீரோடு சேர்ந்து இறங்குகிறது. ஆகவே, தாங்குதிறன் குறித்த முடிவுகள் வெளிவரும்போது எத்தனை கார்கள் என்பதோடு நில்லாமல், ஒரு பயணிக்கு எத்தனை லிட்டர் நீர், அது எந்த ஓடையிலிருந்து, கழிவு எங்கே போகிறது, எந்த விடுதி பாதாளச் சாக்கடையோடு இணைந்திருக்கிறது என்பவையும் ஊர்வாரியாக வெளியிடப்பட வேண்டும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை நீலகிரி மக்களுக்கு மட்டுமன்றி, பவானியின் நீரைக் குடிக்கவும் பாய்ச்சவும் செய்கிற சமவெளி மக்கள் அனைவருக்கும் உண்டு. அவர்கள் அதை இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.